ஸ்பிரிங் வாரம்

எல்கேஜி பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சக்கீனா டீச்சர் மட்டும் அவர்களுடைய குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கிறாள். ‘ஸ்பிரிங் வாரம்’ என்று வசந்த கால விளையாட்டுகளுக்குத் திட்டம் எழுதி நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கணும் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். போனில் தேடினால் உருகும் பனியும் டூலிப் பூவுமாக வருகின்றன. வெளியே துறைமுகத்து லாரிகள் புழுதி கிளப்பிப் போகின்றன. பங்குனி வெயில் கரும்பலகை வரைக்கும் வந்து கிடக்கிறது. “இந்த ஊர்ல ஸ்பிரிங்குக்கு நான் எங்க போவேன்?” என்று நாலாவது தடவையாகச் சத்தமாகவே அலுத்துக்கொள்கிறாள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா விக்டோரியா முறத்தோடு உள்ளே வருகிறாள். “இந்தாங்க டீச்சர், கெடச்சிட்டு. இதுக்கா இம்புட்டு நேரமா பொலம்புதிய?” முறம் நிறைய, வாசலில் உதிர்ந்து கிடந்த வேப்பம்பூ. அதன் உச்சியில், ஏதோ பேனாவிலிருந்து விழுந்த ஸ்பிரிங் ஒன்று மினுங்குகிறது. பூவின் தேன் வாசம் மூக்கில் ஏறுகிறது. சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. “இதேதான் அக்கா!” என்று ஸ்பிரிங்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பூவை இரண்டு கையாலும் அள்ளுகிறாள்.