மருந்தில்லாத வரிசை

சின்னத் தொட்டிகளில் நெல் நாற்றுகள் இரண்டு வரிசையாக நின்றன. இரண்டுக்கும் உப்புத் தண்ணீர்தான். இடது வரிசைக்கு மட்டும் அதில் உப்பைத் தாங்க உதவும் மெலடோனின் மருந்தைக் கலந்து ஊற்ற வேண்டும். வலது வரிசை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதற்கு மருந்து கிடையாது. ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தாவுக்கு இந்த முறை புதிதல்ல. அவள் தங்கை பிரின்சி ஒரு மருந்துச் சோதனையில் சேர்ந்திருந்தாள். அவளுக்குக் கிடைத்தது வெறும் மாவு மாத்திரை என்பது அவளைப் புதைத்த பிறகுதான் தெரிந்தது. அதை வேளை தவறாமல் தண்ணீரோடு நீட்டியவள் ஜெசிந்தா.

வலது வரிசை நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. நடுவில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. பேராசிரியர் அதன் முன்னால் குனிந்தார்.

"இது மட்டும் எப்படிம்மா தாங்குது?"

"நான்தான் மேடம். இது ஒண்ணுக்கு மட்டும் மருந்து ஊத்திட்டேன்."

அவர் கோபப்படவில்லை.

"பிடுங்கிடும்மா. இதைக் கணக்குல சேத்துக்க முடியாது."

ஜெசிந்தா நாற்றின் அடியைப் பிடித்து இழுத்தாள். வேர் மண்ணை விடவில்லை. மண்ணோடு தொட்டியே மேலே எழும்பி வந்தது. அது விழுந்துவிடாமல் அவளுடைய இன்னொரு கை தானாகப் போய் அடியில் தாங்கிக்கொண்டது.