ஆமாம் என்ற கட்டளை

பழைய கம்ப்யூட்டரை மூடியிருந்த துணியை அவள் எடுத்ததும் மகன் முகத்தைச் சுளித்தான்.

"இப்ப எதுக்கும்மா இது? முதியோர் ஹோம்ல இருந்து மறுபடியும் போன் பண்ணிட்டாங்க. ஏதாவது பதில் சொல்லணும்."

அந்தப் பதிலுக்காகத்தான் என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

சக்கர நாற்காலியை மேஜையோடு ஒட்டித் தள்ளினாள். கணவரின் இடது கையை எடுத்து விசைகளின் மேல் வைத்தாள்.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருந்தது. தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் மேலும் கீழுமாக ஆட்டுவார். டம்ளரை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார். ஆமாமும் இல்லையும் அவருக்குள் இடம் மாறிக் கிடக்கின்றன என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாவை ஹோமில் சேர்த்துவிடலாம் என்பது மகனின் கட்சி. அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவனும்தானே பார்க்கிறான். அப்பாவையே கேட்டுவிட்டேன், சரி என்று தலையாட்டினார் என்றான்.

அவளும் கேட்டாள். போகிறீர்களா என்றாள், ஆட்டினார். போகாதீர்கள் என்றாள், அதற்கும் ஆட்டினார்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய பெட்டி அது. திரைக்குப் பழைய டிவிதான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில், வேலைக்குப் போன ஒரு கட்டிடத்தில் பெரிய கம்ப்யூட்டர்களை இரண்டெழுத்து, மூன்றெழுத்துக் கட்டளைகளால் மேய்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அதே கட்டளைகளை இந்தக் குட்டிப் பெட்டிக்குத் தானே எழுதினார். விடுமுறை நாளெல்லாம் அதிலேயே போயிற்று. வீட்டுக்கு அதனால் கால் காசு பிரயோஜனம் கிடையாது.

ஒரு நாள் yes என்று அடித்துக் காட்டினார். திரையின் ஓரத்தில் y, y, y என்று வரிக்கு ஒன்றாக இறங்கியது. நிறுத்துகிற வரை இறங்கிக்கொண்டே இருந்தது.

இது எதற்கு என்று கேட்டாள். சில புரோகிராம்கள் 'செய்யட்டுமா, செய்யட்டுமா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், அதற்கெல்லாம் ஆமாம் போட்டுக்கொண்டிருக்க இது என்றார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் விஷமம் இருந்தது.

குடும்பத்தையும் அப்படித்தான் நடத்தினார். சன்னலுக்கு என்ன நிறத்தில் திரை, மகனை எந்தப் பள்ளியில் போடுவது, எதைக் கேட்டாலும் 'சரி'தான். காதில் வாங்கிக்கொண்டாரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இல்லை என்று சொல்கிற வேலையை மட்டும் மெஷின் தலையில் கட்டியிருந்தார். அதற்குத் தெரியாத சொல் எதை அடித்தாலும், ஆங்கில எழுத்தில் illai என்று வரும். அவரே எழுதி வைத்தது. ஒருமுறை அவள் வம்புக்காக kaapi என்று அடித்தாள்.

kaapi: illai

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

இப்போது திரையில் கட்டம் மின்னியது. அவர் அதையே பார்த்தார். இடது கை மெல்ல நகர்ந்தது.

ls

உள்ளே இருப்பவற்றின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. சட்டைப் பொத்தானும் சீப்பும் எதற்கென்று மறந்துபோன விரல்கள், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

"என்னங்க, இங்கேயே என்னோட இருக்கீங்களா?"

yes

y, y, y என்று திரை நிரம்பி வழிந்தது. அவளுக்குச் சந்தோஷம் பொங்கி, வந்த வேகத்திலேயே அடங்கியது. இது அந்தப் பழைய சரிதான். காதில் வாங்காத சரி.

"எதைக் கேட்டாலும் அதையேதான்மா அடிப்பார்" என்றான் மகன்.

அவன் சொல்வதும் நியாயம்தான். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி ஓட்டத்தை நிறுத்தினாள். கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன், அதற்கும் yes வந்தால் நானே போன் பண்ணி, அவரை அழைத்து வருகிறோம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆனாலும் மாற்றிக் கேட்டாள்.

"ஹோமுக்குப் போறீங்களா?"

விரல் y-யிடம் போயிற்று. அதன் மேலேயே நின்றது.

விரல் விலகியது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் போயிற்று. h. o. m. e. பிறகு Enter.

home: illai

மகன் குனிந்து படித்தான். "பாவம், தப்பா அடிச்சிட்டார். அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்."

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். பாதி முகம்தான் அசையும். அந்தப் பாதியில் பழைய விஷமம் இருந்தது.

"தப்பா அடிக்கலடா. போன் பண்ணி, வரலைன்னு சொல்லிடு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்ன முதல் 'இல்லை' அது. அவள் எழுந்து போய்க் காபி போட்டாள்.