முகப்பில் செருப்பு

"மத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுடு தம்பி. அந்தச் செருப்புப் படம் மட்டும் இருக்கட்டும்" என்றார் ஃபுசாயே அம்மா, போனில்.

ஜப்பானில் ஒனோமிச்சி என்ற ஊரில் பொது வெந்நீர்க் குளியல் கூடம் நடத்துகிறவர். சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் துண்டும் சோப்புமாக வந்துவிடுவார்கள். அவர்களை மட்டும் நம்பினால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். புது ஆட்களை வரவழைக்க இணையப் பக்கத்தைச் சீர்செய்யச் சொன்னார்.

நான் ஒசாகாவில் அந்த வேலைதான் செய்கிறேன். 'வருகிறவருக்கு என்ன வேண்டும் என்று யோசி' என்று கொட்டை எழுத்தில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்துப் படித்து எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்ததே அப்பாதான். அவர் ஒனோமிச்சியில் தனியாக இருக்கிறார். நான் போய் இரண்டு புத்தாண்டு ஆயிற்று. போன் போட்டு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். வேலை அப்படி.

பழைய பக்கத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஓடும் எழுத்து, தூங்கும் பூனை, மருமகள் போட்ட ஊறுகாய். எல்லாவற்றுக்கும் மேலே, முகப்பிலேயே, வாசல் அடுக்கில் கழற்றி வைத்த செருப்புகள்!

"செருப்பைப் பார்த்துட்டு யாரும்மா குளிக்க வருவா?"

"அது வந்து தம்பி..."

"ஒரு பக்கம், ஒரு விஷயம். அவ்வளவுதான். நீங்க வர்றவங்களை நினைச்சுப் பாருங்க."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். நிபுணன் என்றால் சும்மாவா?

பக்கம் தயாராகும்வரை அவர் மாலைதோறும் அனுப்பும் செருப்புப் படத்தை ஏற்றுவதும் என் தலையில் விழுந்தது. யாரோ ஒருவர் விளிம்பில் நீல டேப் ஒட்டிய செருப்பைக் கொண்டுவந்து முன்வரிசை நடுவில் வைப்பார். கண்ணை உறுத்தும். அதை மட்டும் படத்திலிருந்து அழித்துவிட்டுத்தான் ஏற்றுவேன். என் ரசனை அப்படி.

கடைசியில் ஒரு நாள் அவரைக் கேட்காமலே படத்தை எடுத்துவிட்டேன். வெள்ளைப் பக்கம். கொஞ்சம் நீராவி. 'இன்று திறந்திருக்கிறது' என்று ஒரே ஒரு வரி. நானே மயங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரியே ஃபுசாயே அம்மா போன் செய்தார்.

"தம்பி, இங்க போன் ஓயாம அடிக்குது!"

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல?"

"எல்லாம் வெளியூரு. சப்போரோ, நகோயா... பிரேசில்லேருந்துகூட ஒருத்தர்."

"அடேங்கப்பா! பிரேசில்லேருந்து குளிக்க வர்றாங்களா?"

"குளிக்க இல்லடா. செருப்பு எங்கேன்னு கேக்கறாங்க."

"செருப்பா?"

"எல்லாம் இங்க வர்ற பெரியவங்களோட பிள்ளைங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி படத்துல அம்மா செருப்பு, அப்பா செருப்பு இருக்கான்னு பாத்துக்குவாங்க. இருந்தா, நடந்து வந்து குளிச்சிட்டுப் போயிருக்காங்க, நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். சப்போரோ பொண்ணு அழவே ஆரம்பிச்சிடுச்சு. 'எங்கம்மாவோட ஊதா செருப்பு இன்னிக்கு வந்துச்சா'ன்னு."

எதிரே ஒட்டியிருந்த என் கொட்டை எழுத்து என்னையே பார்த்தது. குளிக்க வருகிறவர்கள் வேறு, இணையப் பக்கத்துக்கு வருகிறவர்கள் வேறு என்பது நிபுணனுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"உடனே போட்டுடறேம்மா. முகப்புலயே, பெருசா."

"போடு. நல்லா இருப்பே."

போனை வைக்கப்போனவரை நிறுத்தி, மெதுவாகக் கேட்டேன். "எங்கப்பாவும் அங்கதானே வர்றாரு? அவரோடது எதும்மா?"



"நீ தெரிஞ்சேதான் அழிக்கறேன்னு நினைச்சிருந்தேன். அப்பனுக்கும் பிள்ளைக்கும் என்ன மனஸ்தாபமோன்னு நானும் கேக்கல."

"எதைம்மா அழிச்சேன்?" என்றேன்.

"நீல டேப் ஒட்டினது. 'என் பையன்தான் இந்தப் படத்தைப் போடறான், அவன் கண்ணுல படணும்'னு மத்தவங்க செருப்பை நகர்த்திட்டு நடுவுல வைப்பாரு. தன்னோடது மட்டும் ஏன் வரமாட்டேங்குதுன்னு ஒரு நாள் கேட்டாரு. என் கேமராதான் கோளாறுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவருக்குப் போன் பண்ணறப்ப நீயும் அதையே சொல்லு."