விட்டுப்போன பெயர்

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மூன்றாவது தடவையும் படித்துவிட்டாள் ஹெலினா. ஜெயசீலி அக்கா பெயர் இல்லவே இல்லை.

குடியிலும் கஞ்சாவிலும் சிக்கியவர்களின் குடும்பங்களைப் பற்றி, அரசாங்கப் பணத்தில் ஆவடிப் பக்கம் நடந்த ஆய்வு. 'உழைத்தவர்கள்' பட்டியலில் டாக்டர் நிவேதிதா பெயர் முதலில். ஜீப் ஓட்டிய ஜேம்ஸ் பெயர்கூட இருந்தது. ஒன்றரை வருஷம் வெயிலில் காய்ந்து, வெள்ளானூரில் நூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கியவளுக்கு மட்டும் இடமில்லை!

ஹெலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பட்டியலில் இருப்பவர்களைத்தான் அடுத்த ஆய்வுக்கு எடுப்பார்கள். அக்காவோ தையல் மிஷினை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள்.

நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"மேடம், சீலிக்கா பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை. நான்தான் எடுத்தேன்."

"ஆபீஸ்காரங்க நாங்க போயிருந்தா வாசல்லயே தொரத்தியிருப்பாங்க மேடம். அவங்களாலதான் ஜனங்க வாயே தொறந்தாங்க. பாடுபட்டது ஒருத்தரு, பேரு வாங்கறது இன்னொருத்தரா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. வேலை போச்சு என்றே நினைத்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "ஒரு வாரம் நானும் அவங்களோட சண்டை போட்டுப் பார்த்துட்டேன் ஹெலினா. நீயே கேளு" என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"இன்னாக்கா இது? உன் பேரை நீயே எடுக்கச் சொன்னியாமே!"

"ஆமா கண்ணு. நான் எதுக்கு ஊடு ஊடா வந்தேன்னு அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியாது. ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தேன்னுதான் நெனச்சுகினு கீறாங்க. எப்பவும் கையில டேப்போடதான் போவேன்."

ஹெலினாவுக்கு மெய்சிலிர்த்தது. ஒன்றரை வருஷமாக ஆபீசில்கூட ஒருத்தரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லையே இந்த மனுஷி!

"அதுக்காக வர்ற வேலையை விட்டுடுவியாக்கா?"

மறுமுனையில் தையல் மிஷின் நின்றது.

"வேற இன்னா பண்றது? என் பேரு புக்குல வந்தா, நான் அளவெடுத்த ஊடெல்லாம் குடிகாரன் ஊடுன்னு ஊருக்கே தெரிஞ்சுடுமே!"