ஸ்பூனுக்கு அடித்த யோகம்

கையளவு மாடல் கார் ஒன்று, கண்ணாடிகளில் டேப் ஒட்டிக்கொண்டு, மேஜையில் காத்திருந்தது. கூரையில் சொரசொரப்பான கறுப்பு ஸ்ப்ரே அடித்துவிட்டால் பழங்காலக் கார்களின் தோல் கூரை மாதிரியே இருக்கும்.

காரைச் செய்த எத்திராஜ் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினார். நேராகக் காரில் அடிக்கப் பயம். ஐஸ்கிரீம் தின்ற பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பார்த்தார்.

"சொரசொரப்பு ஜாஸ்தியா இருக்கே." துடைத்தார். தள்ளி நின்று மறுபடி அடித்தார். "இப்போ ரொம்ப நைஸ்." மறுபடி துடைத்தார்.

"அண்ணே, என் முறை எப்போ?" என்று கார் டப்பாவிடம் கேட்டது.

"அவரைக் கேளுப்பா. என்கிட்ட மிச்சம் கொஞ்சம்தான்."

ஸ்பூன் சிரித்தது. "அவசரப்படாதே தம்பி. முக்கியமானவங்களுக்குத்தான் முதல்ல."

ஏழாவது தடவை ஸ்பூனை வெளிச்சத்தில் பிடித்த எத்திராஜ், "ஆஹா! இதேதான்!" என்று துள்ளினார். காரை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

புஸ்ஸ். வெறும் காற்றுதான் வந்தது.

புது டப்பா வாங்கினால் இதே பதம் வருமோ வராதோ என்று அவருக்குப் பயம். அதனால் கார் இப்போது மொட்டைக் கூரையோடு கண்ணாடி அலமாரியில் நிற்கிறது. பக்கத்திலேயே ஸ்பூன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எத்திராஜ் ஸ்பூனைத்தான் எடுத்து நீட்டுகிறார். "கூரை இப்படி வந்திருக்கும் சார்." எல்லோரும் தடவிப் பார்த்து வியக்கிறார்கள்.

அவர்கள் போனதும் ஸ்பூன் காரிடம் சொல்லும்: "கூச்சப்படாதே தம்பி. யாராவது கேட்டா, என்கூட வந்தவன்னு சொல்லிக்கோ."