பிஸ்கோத்தின் பட்டை

பூனைக்கு யார் மணி கட்டுவது என்றுதான் ஊரில் கேட்பார்கள். ஜெரினா டீச்சருக்கு அந்தக் கவலை இல்லை. தான் கட்டியதை யார் அவிழ்க்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு மண்டைக் குடைச்சல்.

பிஸ்கோத்து வீட்டில் தங்குகிற பூனை இல்லை. காலையில் பாலைக் குடித்துவிட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஏறி, ஈட்டிக் கம்பிகளுக்கு நடுவே நெளிந்து போனால் சாயங்காலம்தான் வரும். கம்பி, திருட்டுப் பயத்தில் போன தீபாவளிக்குப் பதித்தது.

பூனை தொலைந்துவிடக் கூடாதே என்று ஆன்லைனில் நீலப் பட்டை ஒன்று வாங்கினாள். போன் நம்பர் எழுதி, அந்தோணியார் டாலர் ஒன்றையும் கோர்த்து மாட்டினாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அல்லவா அவர்!

அந்தப் பட்டையோ கொஞ்சம் இழுத்தாலே கழன்றுகொண்டது. ஒரே வாரத்தில் ஒருநாள் பூனை மட்டும் வந்தது, பட்டை வரவில்லை.

"டூப்ளிகேட் சரக்கை அனுப்பிட்டான் படுபாவி" என்று திட்டிவிட்டு, கடைத்தெருவுக்குப் போய்ச் சின்ன நாய்க்குட்டிக்குப் போடுகிற தோல் பட்டை வாங்கிவந்தாள். பக்கிள் வைத்தது. யானை இழுத்தாலும் கழலாது. இன்னொரு டாலர் கோர்த்து மாட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் பிஸ்கோத்து கழுத்தில் தோல் பட்டை இல்லை. காணாமல் போன நீலப் பட்டை இருந்தது. அதில் இரண்டு டாலர்.

"பழசை அந்தோணியார் தேடிக் குடுத்துட்டாரு. புதுசைக் கூலியா எடுத்துக்கிட்டாரு" என்றான் அவள் கணவன் ஆரோக்கிய பிரபு.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு!"

இன்னொரு தோல் பட்டை வந்தது. இந்தத் தடவை இரண்டு டாலரையும் அதில் கோர்த்து, விரல்கூட நுழையாதபடி ஒரு ஓட்டை இறுக்கியே மாட்டினாள்.

அன்றைக்குப் பூனை பச்சைப் பட்டையோடு வந்தது. நீலப் பட்டை மாதிரியே இழுத்தால் கழல்வது. ஆனால் புத்தம் புதுசு. இரண்டு டாலரும் பத்திரம்.

ஜெரினாவுக்குத் தலை சுற்றியது. எந்தத் திருடன் ஒரு பட்டையைத் திருடிவிட்டுப் புதுப் பட்டை மாட்டி அனுப்புவான்? சாமி டாலரைப் பார்த்துப் பார்த்து மாற்றிக் கட்டுவான்?

பட்டையை முகர்ந்து பார்த்தாள். வறுத்த உளுந்து மாவு வாசனை. உள்பக்கம் மாவும் ஒட்டியிருந்தது.

"பாத்தீகளா! பக்கத்து வீட்டு ரேணுகா வேலைதான்!"

ரேணுகா கல்யாணங்களுக்கு முறுக்கும் சீப்புச் சீடையும் செய்து கொடுப்பவள். அவளே ஒரு பூனை வளர்த்தவள்தான். பலகார ஆர்டர் கூடியதும் அதைக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டாள், கல் நெஞ்சுக்காரி என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள் ஜெரினா.

மூன்று மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சும் இல்லை. "பூனையை இந்தச் சுவத்துல ஏற விடாதீக டீச்சர்" என்று ஒருநாள் ரேணுகா சொல்லப்போக, "சுவரு எங்க சுவரு!" என்று ஜெரினா எகிற, அதோடு நின்றது.

இப்போது நேராகப் போய் வாசலில் நின்றாள்.

"ரேணுகா! என் பூனையோட பட்டையைக் கழட்டுறது நீங்கதான?"

"நான்தான் டீச்சர்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று ஜெரினா எதிர்பார்க்கவில்லை. தயார் செய்து வந்த சண்டை பாதியில் நின்றது.

"அடுத்தவுக பூனையில கை வைக்க நீங்க யாரு?"

ரேணுகா உள்ளே போய், ஒரு முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். அதில் ஜெரினா வாங்கிய இரண்டு தோல் பட்டைகளும் இருந்தன. கூடவே, அரிவாள்மணையில் அறுத்தது போல ஒரு பழைய சிவப்புத் தோல் பட்டை.

"இது யாரோடது?"

"எங்க பூனை சிட்டுவோடது. உங்களை மாதிரியே நானும் பக்கிள் வச்சதை இறுக்கிப் போட்டுவிட்டேன். கம்பியில மாட்டித் தொங்கிருச்சு டீச்சர். நான் அடுப்படியில கெடந்தேன், சத்தம் கேக்கல. அறுத்து எடுக்கையில உசுரு இல்ல."

"எந்தக் கம்பியில?"

 ரேணுகாவின் பார்வை சுவர்ப் பக்கம் போய்ச் சட்டென்று திரும்பிவிட்டது. அந்தச் சுவரில் வேறு யார் கம்பியும் இல்லை. 

"ஏன் ரேணுகா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா சிட்டு வந்துருமா? நீங்க வேணும்னா செஞ்சீக? அந்த நீலப் பட்டை நல்ல பட்டை டீச்சர். எங்கயாச்சும் மாட்டுனா கழண்டுக்கிரணும்னே செஞ்சது. அது எங்க பக்கம் விழுந்து கெடந்துச்சு. பூனை தோல் பட்டையோட வரவும் மனசு கேக்கல, மாத்திவிட்டேன். ரெண்டு விரல் நுழையிற மாதிரி போடுங்க, போதும்."

ஜெரினாவுக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை.

"அப்ப இந்தப் பச்சை? புதுசா இருக்கே. உங்க வீட்டுலதான் பூனை இல்லையே?"

ரேணுகா டப்பாவை மூடினாள்.

"இப்படிக் கழலுற பட்டை இருக்குன்னு தெரிஞ்சப்புறம் சிட்டுக்குன்னு வாங்குனேன் டீச்சர். கடைக்காரர் எடுத்துக் குடுக்கையிலதான் அது இல்லைங்கிற நெனப்பே வந்துச்சு."