பயப்படத் தெரியாத பொம்மை

மனைவியை அழைத்துப்போக வந்தவன் ஸ்டூடியோ வாசலிலேயே முகம் சுளித்தான். உடம்பெல்லாம் சென்சார் ஒட்டிய உடையில் அவள் நின்றிருந்தாள். அவள் அசைவதுபோலவே, பெரிய திரையில் வீடியோ கேமின் அடிமைப் பெண் பொம்மையும் அசைந்தது.

"பொம்மைக்குப் பயமே வரலியேம்மா! உடம்பு பதறினாத்தான் விளையாடுறவன் மனசு பதறும். இன்னிக்கும் வரலேன்னா வேற ஆளைப் பார்க்கணும்," என்றார் இயக்குநர்.

கணவன் சிரித்தான். "பயமா? பெரிய குடும்பம் சார் எங்களுது. இவளை ராணி மாதிரி வச்சிருக்கோம். இவளுக்கு எப்படி வரும்? பேசாம வீட்டோட இருக்கட்டும்."

"ஏங்க, ஒரே ஒரு தடவை பார்த்துடுறேங்க. இந்த வேலை போயிடக்கூடாதுங்க."

'சீக்கிரம்' என்பதுபோல் மணி பார்க்க அவன் கையை உயர்த்தினான்.

திரையில் பொம்மை சட்டென்று குந்தியது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது.

"இதுதாம்மா! எங்கே கத்துக்கிட்டே?" என்று இயக்குநர் கைதட்டித் துள்ளினார்.

வேறு யாரும் கைதட்டவில்லை. எல்லாருடைய பார்வையும் அவன் உயர்த்திய கையின் மேல் இருந்தது.

அவன் அதை மெல்லக் கீழே இறக்கினான். குரலில் தேன் ஒழுகியது.

"பிரமாதமா நடிக்கிறியே! வா, மிச்சத்தை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

திரையில் பொம்மை இன்னும் இறுகச் சுருண்டுகொண்டது.